மரீன் பரேட் கடலாக இருந்தபோது

தம்பி,

நீயும் மாலதியும் சாவி வாங்கியிருக்கிற வீட்டை நானும் அப்பாவும் போன வாரம் வந்து கீழே நின்றே பார்த்துவிட்டுப் போனோம். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் லீவு போட்டுவிட்டு ஓடி வருவாய், டாக்சிக்குக் காசு கொடுப்பேன் என்பாய், என் கையைப் பிடித்த பிடியை விடமாட்டாய். அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே கல் பெஞ்சில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன, வீடு பிடிக்கலையா?" என்றார் அப்பா. "இந்த இடத்துக்கு நான் முன்னாடியே வந்திருக்கேன்" என்றேன். ஒரு நிமிடம் முழித்தார். பிறகு அவரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டு கிழங்கள் காரணமில்லாமல் சிரிப்பதைச் சைக்கிளில் போன ஒரு சீனப் பெரியவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

மரீன் பரேட்டில் உன் வீடு நிற்கிற இடம், கார் நிறுத்தும் இடம், எதிரே இருக்கிற மார்க்கெட் எல்லாமே என் இளவயதில் கடல். மண்ணைக் கொட்டித் தூர்த்தது எல்லாம் பிறகு வந்த கதை. அந்தக் கடலின்மேல் நான் படகு ஓட்டியிருக்கிறேன். உட்கார்ந்து போயிருக்கிறேன் என்று சொல்லவில்லை, ஓட்டியிருக்கிறேன். நீயும் தங்கச்சியும் சின்ன வயதில், "நீங்க ரெண்டு பேரும் எங்க பாத்துக்கிட்டீங்க?" என்று கேட்கும்போதெல்லாம் அப்பா, "கடல்ல" என்பார். நீங்கள் அதை வேடிக்கைப் பேச்சு என்று விட்டுவிட்டீர்கள். அது வேடிக்கை இல்லை. அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் உனக்கு இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நேரில் சொன்னால் பாதியில் உனக்குப் போன் வரும், அல்லது அப்பா குறுக்கே புகுந்து தன் பங்கை நீட்டிச் சொல்வார். அதனால்தான் எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. மாலதி வீட்டாரிடம் நீ, "எங்க மாடியில லிஃப்ட் நிக்காது, பரவால்ல லா, அம்மாவ நான் தூக்கிட்டுப் போயிடுவேன்" என்று சொன்னாயாம். நல்ல மனதோடுதான் சொன்னாய், தெரியும். ஆனால் தம்பி, நீ என்னைத் தூக்க வேண்டாம். லிஃப்ட் நிற்கிற மாடியிலிருந்து ஒரே ஒரு மாடிதானே. படியில் முதுகு மேற்பக்கமாக உட்கார்ந்து, இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, ஒவ்வொரு படியாக ஏறிக்கொள்வேன். அப்பர் டிக்சன் ரோட்டுக் கடைவீட்டின் மேல்மாடியில் வளர்ந்தவள் நான். பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அப்படித்தான் ஏறினேன், இறங்கினேன். மாமியார் படியில் உட்கார்ந்து ஏறுகிறாளே என்று மாலதி பதறிவிடாமல் நீ அவளிடம் முன்கூட்டியே சொல்லிவை. என் ஊன்றுகோலை மட்டும் அவள் மேலே கொண்டுபோய் வைத்தால் போதும். எனக்கு வேண்டிய உதவி அவ்வளவுதான்.

என்னைக் கேட்காமல் தூக்கியவருக்கு என்ன ஆனது என்று உனக்குத் தெரியாது. உன் அப்பாவின் நெற்றியில், இடது புருவத்துக்கு மேலே, ஒரு தழும்பு இருக்கிறது அல்லவா? துறைமுகத்தில் சாமான் இறக்கும்போது பெட்டி இடித்தது என்று உங்களிடம் சொல்லி வைத்திருக்கிறார். பெட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை. அது நான் அடித்தது.

ஐம்பதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்திரண்டு வயது. நாலு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப் போனது உனக்குத் தெரியும். என்னைப் பெற்றவர்கள் இறந்த பிறகு எனக்கு இருந்தது என் அண்ணன், உன் மாமா ஒருவர்தான். ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கம் ஒரு மாவு மில்லில் மிளகாயும் மல்லியும் அரைக்கிற வேலை. வீட்டுக்குள் அவர் நுழைவதற்கு முன்னால் அவர் சட்டையின் மிளகாய் நெடி நுழைந்துவிடும். நான் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். காலால் மிதிக்க முடியாது என்பதால் கையால் சுற்றுகிற மெஷின். மாதம் ஒருமுறை காலுக்குப் பயிற்சி கொடுக்கிற ஆஸ்பத்திரிப் பிரிவுக்கு உன் மாமா என்னை முதுகில் சுமந்து படி இறக்கி, டிரைஷா என்கிற சைக்கிள் ரிக்ஷாவில் வைத்துக் கூட்டிப்போவார். நான் தனியாக இறங்குவேன் என்றாலும் கேட்கமாட்டார். "ரோட்டுல நாலு பேர் பாப்பாங்க, பாப்பா" என்பார். அவர் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார், இன்றைக்கும்.

அந்தப் பிரிவில் பயிற்சி கொடுத்தவர் மிஸ் பெரேரா. கத்தோங்கில் பிறந்து வளர்ந்த, ஐரோப்பியக் கலப்பு வம்சத்து யூரேஷியப் பெண்மணி. நாற்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வெயிலில் செம்பு நிறமாகிப்போன முகம். ஆஸ்பத்திரிச் சுவர்கள் அதிரும்படி பேசுவார். ஆங்கிலம், மலாய், எங்களிடம் பழகிக் கற்றுக்கொண்ட தமிழ் எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிடுவார். அவர் குடும்பத்து வீடு கத்தோங் கடலோரத்தில், இப்போது உன் வீடு இருக்கிற பக்கம்தான் இருந்தது. வீட்டின் பின்சுவரிலிருந்து கல் படிகள் நேராகக் கடலுக்குள் இறங்கும். அங்கே அவருடைய தகப்பனார் விட்டுப்போன பாய்மரப் படகு ஒன்று இருந்தது. ஒரு நாள் என் தோளையும் கையையும் அழுத்திப் பார்த்துவிட்டு, "கேர்ள், இந்தக் கை எப்படி இவ்வளவு ஸ்ட்ராங்?" என்றார். ஊன்றுகோலும் தையல் மெஷினும்தான் என்றேன். "அப்போ நீ என் படகுக்கு வேணும். ஞாயிற்றுக்கிழமை வா" என்றார். யாரையோ கடைக்கு அனுப்புகிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

உன் மாமா ஒப்புக்கொள்வாரா? கல்யாணமாகாத பெண், கால் வேறு இப்படி, கடலில் என்ன வேலை என்று ஒரே மறுப்பு. மிஸ் பெரேரா விடவில்லை. எங்கள் வீட்டுக்கே வந்து, செங்குத்தான அந்த மரப்படியில் மூச்சு வாங்க ஏறி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் சுட்ட தோசையைத் தின்றபடியே உன் மாமாவோடு வாதாடினார். மிளகாய் நெடியில் நடுநடுவே தும்மலும் போட்டார். கடைசியில், "பயமா இருந்தா நீயும் வா. கரையில நின்னு பாரு. உன் தங்கச்சிக்கு ஏதாவது ஆனா என்னை மில்லுல போட்டு அரைச்சிடு" என்றார். உன் மாமா தன்னை மீறிச் சிரித்துவிட்டார். சிரித்தவரால் பிறகு மறுக்க முடியவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை போனால் அங்கே என்னைப் போல நாலைந்து பேர். இரண்டு கண்ணும் தெரியாத ஒரு சீனப் பையன், முதுகு வளைந்த ஒரு மலாய் ஆசிரியை, அப்புறம் ஜோசப் சித்தப்பா. ஆமாம், நம் ஜோசப் சித்தப்பாதான். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறக்கிய பாரம் சரிந்து, வலது கால் முழங்காலோடு போன புதிது. அப்போதே நாக்கு மட்டும் முழுசாக இருந்தது. எங்களைத் தூக்கிப் படகில் ஏற்றுவதற்கு என்று உதவிக்கு வந்தவர்கள் சிலர். அதில் ஒருவர் ஜோசப் சித்தப்பாவோடு துறைமுகத்தில் வேலை பார்த்த நண்பர், நெட்டையான கறுத்த ஆள், மூட்டை சுமந்து இறுகிய தோள். என்னைப் பார்த்ததும் இவளைத்தான் முதலில் ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்து, ஒரு வார்த்தை பேசாமல், அரிசி மூட்டையைத் தூக்குகிற மாதிரி அள்ளித் தூக்கிவிட்டார்.

முன்பின் தெரியாத ஆண். கரையில் என் அண்ணன். என் கையில் ஊன்றுகோல். என்ன செய்கிறேன் என்று யோசிக்கவே இல்லை, ஓங்கி ஒன்று வைத்தேன். "ஐயோ" என்று அவர் ஒரு படி பின்னால் காலை வைத்தார், பாசி வழுக்கியது, இரண்டு பேரும் முழங்கால் தண்ணீரில் விழுந்தோம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர்மேல்தான் விழுந்தேன். அவர் நெற்றியிலிருந்து ரத்தம் வடிகிறது. அதைக்கூடத் துடைக்காமல், "கடல்! கடல்! தண்ணி!" என்று படியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் தெரிந்தது, நாள் முழுக்கக் கப்பலில் வேலை செய்கிற அந்த மனிதருக்கு நீச்சலும் தெரியாது, தண்ணீரைக் கண்டால் நடுக்கமும் உண்டு என்று. ஜோசப் சித்தப்பா மேலே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "டேய், ஒதவி செய்ய வந்தியா, அடி வாங்க வந்தியா?"

மிஸ் பெரேரா சிரிக்கவில்லை. காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே அவரிடம் சொன்னார்: "முதல்ல கேளு. அப்புறம் அவ என்ன சொல்றான்னு கேளு. அப்புறம் கையை நீட்டு." பிறகு என் பக்கம் திரும்பினார். "சொல்லு கேர்ள், நீ எப்படி ஏறுவே?" அந்தக் கேள்வியை அதுவரை யாருமே என்னிடம் கேட்டதில்லை தம்பி. என் அண்ணன்கூடக் கேட்டதில்லை. நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, படியில் உட்கார்ந்தேன். வீட்டில் இறங்குகிற மாதிரியே உட்கார்ந்து உட்கார்ந்து தண்ணீர்வரை இறங்கினேன். படகை ஒட்டிப் பிடிக்கச் சொன்னேன். படிக்கும் படகுக்கும் நடுவே ஒரு பலகையைப் போடச் சொல்லி, அதில் சறுக்கி உள்ளே போய்விட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பலகை அங்கேயே தங்கிவிட்டது. ஜோசப் சித்தப்பாவும் அதில்தான் சறுக்கினார், மலாய் ஆசிரியையும் அதில்தான்.

படகு கரையைவிட்டு நகர்ந்து, பாய் காற்றை வாங்கிப் புடைத்து, அடியில் தண்ணீர் சளசளவென்று பேச ஆரம்பித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை இத்தனை வருடம் கழித்தும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். படகில் யாரும் நடப்பதில்லை. எல்லோரும் உட்கார்ந்துதான் இருக்கிறார்கள். நான் மெதுவாக வருகிறேன் என்று யாரும் எனக்காக நின்று காத்திருக்கவில்லை. நினைவு தெரிந்து முதல்முறையாக நான் வேகமாகப் போனேன். வாயைத் திறந்து சிரித்துக்கொண்டே இருந்தேனாம், உப்புத் தண்ணீர் உள்ளே போய் இருமினேனாம். அப்பா சொல்லித்தான் தெரியும்.

அப்பாவும் அந்தப் படகில் இருந்தார். தலையில் கட்டோடு, நடுவே இருக்கிற பாய்மரத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி. ஜோசப்பைத் தனியாக விட மனம் வரவில்லையாம். அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும். ஒவ்வொரு முறையும் என்னிடம் வந்து, எட்டடி தள்ளி நின்று, "ஊன்றுகோலை நான் எடுத்துக்கலாமா?" என்று கேட்பார். சில நாள் ஆமாம் என்பேன். சில நாள் வேண்டாம் என்பேன். வேண்டாம் என்றால் முகம் சுருங்காமல் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். உதவி செய்ய வந்தவர்கள் எத்தனையோ பேர். அதில் சில பேருக்கு நாம் வேண்டாம் என்றால் கோபம் வந்துவிடும். "நல்லது செய்ய வந்தா இப்படியா" என்று பிறகு வரவே மாட்டார்கள். உன் அப்பாவுக்கு அந்தக் கோபம் வரவில்லை. அப்போதே நான் அதைக் கவனித்து வைத்துக்கொண்டேன். மாலதி உன்னிடம் வேண்டாம் என்று சொல்கிற நாள் வரும். அன்றைக்கு நீயும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதே.

மூன்று நான்கு மாதத்தில் மிஸ் பெரேரா என்னைப் பின்னால் உட்காரவைத்துச் சுக்கானைக் கையில் கொடுத்துவிட்டார். எனக்காக ஒரு பிரம்பு நாற்காலியின் கால்களை அறுத்து, அதைப் படகின் பின்பலகையில் இறுக்கிக் கட்டியிருந்தார். சுக்கான் என்பது வேறொன்றுமில்லை, படகு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று திருப்புகிற கட்டை. அதை இந்தப் பக்கம் தள்ளினால் படகு அந்தப் பக்கம் போகும். முதலில் எல்லாம் தப்பும் தவறுமாகத்தான் ஓட்டினேன். இரண்டு முறை ஒரு மலாய்க்காரர் மீன் பிடிக்க நட்டிருந்த மூங்கில் வேலிமேல் மோதப் போனேன். மூன்றாவது முறை என்னைப் பார்த்ததுமே அவர் தூரத்திலிருந்து கையை ஆட்டிக் கத்த ஆரம்பித்துவிட்டார். போகப் போகக் கை பழகிவிட்டது. இவ்வளவு நாளும் உன் மாமா ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் கரையில் கறுப்புக் குடையோடு நின்றார். கிட்டே வரமாட்டார், பேசமாட்டார். போகும்போது டிரைஷாவரை என்னைச் சுமப்பார். வீட்டுக்கு வந்ததும், "இந்த வாரத்தோட போதும் பாப்பா" என்பார். அவருக்கு மில் முதலாளியிடம் பேச்சு, சொந்தக்காரர்களிடம் பேச்சு. தங்கச்சியை வைத்து வேடிக்கை காட்டுகிறான் என்றுகூட ஒருவர் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் முடிவாகச் சொல்லிவிட்டார், வருகிற ஞாயிறுதான் கடைசி என்று.

அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை படகில் நான்கு பேர். நான், மிஸ் பெரேரா, முன்னால் ஜோசப் சித்தப்பா, வழக்கம்போலப் பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு உன் அப்பா. இதுதான் கடைசி என்ற எண்ணத்தில் நான் திரும்ப மனமில்லாமல் ஓட்டிக்கொண்டே போனேன். "தண்ணி இறங்குது, கேர்ள், பெலான் பெலான்" என்றார் மிஸ் பெரேரா. மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். "இன்னும் கொஞ்ச தூரம்" என்றேன். அந்தக் கொஞ்ச தூரத்தில் படகு 'சரக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டது. அசையவில்லை. வற்றிக்கொண்டிருந்த கடலில் மணல் திட்டின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டோம்.

"முருகா! மூழ்குறோம்!" என்று உன் அப்பா பாய்மரத்தில் ஏறவே ஆரம்பித்துவிட்டார். மிஸ் பெரேரா பக்கவாட்டில் காலைப் போட்டு இறங்கினார். தண்ணீர் அவர் கெண்டைக்கால் அளவு இருந்தது. ஜோசப் சித்தப்பா முன்னாலிருந்து திரும்பிப் பார்த்து, "டேய், இந்தப் படகுல ரெண்டு காலும் உள்ள ஆம்பள நீ ஒருத்தன்தான். எறங்கித் தள்ளுடா" என்றார். அப்பா கண்ணை இறுக மூடி, சாமி பெயரையெல்லாம் சொல்லி இறங்கினார். இறங்கியவர் அப்படியே நின்றார். மெதுவாக ஒரு கண்ணைத் திறந்தார். கீழே பார்த்தார். "இவ்ளோதானா?" என்றார். அவர் அதைச் சொன்ன தொனி இருக்கிறதே, நான் சுக்கான்மேல் சாய்ந்து அழுதுகொண்டே சிரித்தேன்.

தள்ளிப் பார்த்தார்கள். நகரவில்லை. தண்ணீர் ஏறுகிறவரை காத்திருக்க வேண்டியதுதான் என்று முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தோம். ஆனால் கரையிலிருந்து பார்க்கிறவருக்கு என்ன தெரியும்? படகு நடுக்கடலில் நின்றுவிட்டது, ஆட்கள் ஒவ்வொருவராகக் கடலில் இறங்குகிறார்கள். உன் மாமா குடையை வீசிவிட்டு வேட்டியை மடித்துக்கட்டிக் கடலுக்குள் இறங்கிவிட்டார். அவருக்கும் நீச்சல் தெரியாது. நடுவில் ஒரு பள்ளமான இடம், அங்கே தண்ணீர் நெஞ்சுவரை வந்துவிட்டது. கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, "பாப்பா! பாப்பா!" என்று கத்திக்கொண்டே நடந்து வருகிறார். நாங்கள் வேண்டாம், வேண்டாம் என்று கையாட்டியதை உதவிக்குக் கூப்பிடுவதாக நினைத்து இன்னும் வேகமாக வந்தார். வந்து சேர்ந்தபோது அவருக்கு மூச்சு இரைத்தது. நான் பிரம்பு நாற்காலியில் முறுக்கும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

"ஏறு முதுகுல" என்றார். அவ்வளவுதான் பேச முடிந்தது.

"வேணாம்ணே."

"ஏறுங்கறேன்!"

"அண்ணே, நான்தான் ஓட்டிக்கிட்டு வந்தேன். நானே ஓட்டிக்கிட்டுப் போறேன்."

என் அண்ணனிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. அவர் முகம் சிவந்துவிட்டது. எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். கோபத்தில் தனியாகவே திரும்பி நடந்தார். கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டார். தண்ணீர் ஏற ஆரம்பித்திருந்தது. வந்த வழியில் இருந்த பள்ளத்தில் அலை புரண்டுகொண்டிருந்தது. இனி அதில் இறங்கினால் தலைக்கு மேல் போகும். முன்னாலும் போக முடியாமல், எங்கள் பக்கம் திரும்பவும் மனமில்லாமல், நனைந்த வேட்டியோடு நடுவில் அப்படியே நின்றார். எத்தனை வருடம் என்னைச் சுமந்த முதுகு அது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. உன் அப்பா போய் அவரை இழுத்து வரக் கிளம்பினார். நான் தடுத்தேன். சத்தமாகக் கேட்டேன்:

"அண்ணே, கை குடுக்கட்டுமா?"

அந்தப் பள்ளத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு திரும்பி வந்தார். என் கையைப் பிடித்துப் படகில் ஏறினார். ஏறி என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நனைந்த சட்டையிலும் மிளகாய் நெடி போகவில்லை போல, முதலில் மிஸ் பெரேரா தும்மினார், அப்புறம் ஜோசப் சித்தப்பா, அப்புறம் உன் அப்பா. கடைசியில் உன் மாமாவே ஒரு தும்மல் போட்டார். அதோடு இறுக்கம் உடைந்துவிட்டது. ஜோசப் சித்தப்பா மீதி முறுக்கை அவர் மடியில் வைத்தார்.

வெயில் சாய்கிற நேரத்தில் படகு லேசாக ஆடியது. அப்புறம் மிதந்தது. கடல் பக்கமிருந்து காற்று நன்றாக வந்தது. மிஸ் பெரேரா பாயை ஏற்றினார், நான் கரையைப் பார்த்துச் சுக்கானைப் பிடித்தேன். உன் மாமா என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். பாதி வழியில், "பயமா இல்லையா பாப்பா?" என்றார். "நீ பக்கத்துல இருக்கியேண்ணே" என்றேன். "நானா? எனக்குத்தான் உயிரே போகுது" என்றார். கரையில் படிக்குப் பக்கத்தில் அலுங்காமல் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் முதலில் இறங்கினார். வழக்கமாக முதுகைக் காட்டிக் குனிகிறவர் அன்றைக்குக் குனியவில்லை. என் ஊன்றுகோலை எடுத்து வைத்துக்கொண்டு, நான் பலகையில் சறுக்கி, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து ஏறி மேலே வருகிறவரை ஓரமாக நின்றார். ரோட்டில் போகிற நாலு பேர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கடைசி ஞாயிறு என்ற பேச்சை அவர் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

அடுத்த வருடம் உன் அப்பா ஒரு நாள் கடல் படியில் என்னிடம் வந்து நின்றார், வழக்கமான எட்டடி தூரத்தில். "ஒண்ணு கேக்கலாமா?"

"ஊன்றுகோல்தானே, எடுத்துக்குங்க."

"அது இல்ல. கேக்கலாமான்னுதான் கேக்கறேன்."

புரிந்துவிட்டது. "பாவம் பாத்துக் கேக்கறீங்களா?" என்றேன் நேராக. அவர் திகைத்துப் போனார். "பாவமா? உங்களையா?" என்று நெற்றியைத் தடவினார். "நீங்க சுக்கான் புடிக்கலைன்னா நான் படகுலயே ஏறமாட்டேன். என்னைப் பாத்துதான் நீங்க பாவப்படணும்." இதைவிட நல்ல பதில் எந்தப் பெண்ணுக்கும் கிடைத்திருக்காது. நான் உடனே சரி சொல்லவில்லை. இரண்டு வாரம் அலையவிட்டேன். அது என் உரிமை.

உங்கள் இரண்டு பேரையும் பெற்ற பிறகும் சில வருடம் நாங்கள் கத்தோங் போய்க்கொண்டிருந்தோம். பிறகு லாரிகள் வந்தன, மண் வந்தது, கடல் தள்ளிப் போனது. மிஸ் பெரேரா வீட்டுப் படிகளுக்குக் கீழே புல் முளைத்தது. அவர் படகை விற்றுவிட்டுக் கடல் கடந்து பெர்த் நகருக்குப் போய்விட்டார். அங்கேயும் ஊனமுற்றவர்களைப் பிடித்துக் கடலில் தள்ளிக்கொண்டிருப்பதாகக் கிறிஸ்துமஸ் அட்டையில் எழுதுவார். எனக்கு அதில் வருத்தமில்லை. கடல் இருந்தவரை அனுபவித்தேன். இப்போது அதே இடத்தில் என் பிள்ளை குடியேறப் போகிறான்.

எங்கள் கல்யாணக் கதையைக் கடைசிக்கு வைத்தேன், உனக்கு இப்போது அதுதானே தேவை. சிராங்கூன் ரோட்டுக் கோயிலில் நடந்தது. அக்கினியைச் சுற்றி வர வேண்டும் என்றதும் பெரியவர்கள், மாப்பிள்ளை பெண்ணைத் தூக்கிக்கொண்டு சுற்றட்டும் என்றார்கள். அப்பா என்னைப் பார்த்து, "எப்படி?" என்று கண்ணாலேயே கேட்டார். "நடக்கறேன்" என்றேன். பட்டுப்புடவை, ஊன்றுகோல், இரும்புப் பட்டை கட்டிய கால். எவ்வளவு மெதுவாக நடந்திருப்பேன் என்று நினைத்துப் பார். அப்பா என் நடைக்கு நடந்தார், ஒரு எட்டுக்கூட முந்தவில்லை. நாதஸ்வரக்காரருக்கு மூச்சு முட்டிவிட்டது. ஒரு சுற்று முடிவதற்குள் இரண்டு முறை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். மாதா கோயில் தவிர வேறெங்கும் போகாத ஜோசப் சித்தப்பா முன்வரிசையில் உட்கார்ந்து, "அவசரமில்ல, மெதுவா, மெதுவா, சாப்பாடு எங்கயும் ஓடிப் போகாது" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். மண்டபமே சிரித்தது. நானும் மணப்பெண் என்பதை மறந்து சிரித்தேன். நீயும் மாலதியும் சுற்றும்போது அவள் நடைக்கு நட, தம்பி. நீளக் கால் இருக்கிறது என்று இழுத்துக்கொண்டு ஓடாதே.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது தூரத்துச் சொந்தக்கார அம்மா ஒருவர் உன் மாமாவிடம் வந்தார். முன்பு எங்களைப் பற்றிப் பேசியவர்களில் அவரும் ஒருவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தக் காலை வச்சுக்கிட்டு இருந்த பிள்ளையை எப்படியோ கரை சேத்துட்டீங்க தம்பி. பெரிய புண்ணியம்" என்றார். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். சாம்பார் வாளியோடு நின்ற உன் மாமா அதைக் கீழே வைத்தார். அந்த அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"நானா?" என்றார். "அவதாம்மா என்னைக் கரை சேத்தா. வேணும்னா அந்தப் படகுல இருந்தவங்களக் கேட்டுப் பாருங்க."

சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

அன்புடன்,
அம்மா